ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுப் போடும் டேலி

"லைசென்ஸா? அதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி, நான் போட்டுத் தாரேன். ஒண்ணும் ஆவாது."

கடையில் புது கம்ப்யூட்டர் வந்து இறங்கும்போது இந்தப் பேச்சும் கூடவே இறங்கிவிடும். நெல்லை டவுன் ரத வீதி ஜவுளிக்கடை, பாவூர்சத்திரம் காய்கறி மண்டி, அம்பாசமுத்திரம் அரிசி ஆலை, வள்ளியூர் ஹார்டுவேர் கடை, எங்கே போனாலும் இதே வசனம்தான். விண்டோஸ், ஆபீஸ், கணக்கெழுதும் டேலி, போட்டோஷாப் எல்லாம் ஒரே பென்டிரைவில் இருக்கும். சர்வீஸ் கூலி மட்டும் கொடுத்தால் போதும்.

சர்வீஸ் தம்பி வேலையை எங்கே தொடங்குகிறார் என்று ஒருதரம் பக்கத்தில் நின்று கவனியுங்கள். முதலில் நெட்டைத் துண்டிப்பார். அடுத்து ஆன்டிவைரஸை அணைப்பார். "இல்லன்னா அது சும்மா கத்திக்கிட்டே கிடக்கும்" என்பார். பிறகு ஒரு சின்னக் கோப்பை அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியோடு ஓட்டுவார். விண்டோஸ் "அனுமதிக்கலாமா?" என்று கேட்கும், "யெஸ்" அழுத்துவார். மொத்தமே அரை நிமிடம். திருட்டு மென்பொருள் என்றதும் எல்லாரும் போலீஸ், ரெய்டு, வக்கீல் நோட்டீஸ் என்றுதான் பயப்படுகிறார்கள். அதுவும் உண்டு, பிறகு சொல்கிறேன். என் கணக்கில் அதைவிடப் பெரிய ஆபத்து அந்த அரை நிமிடத்தில் இருக்கிறது.

லைசென்ஸ் இருக்கிறதா என்று சரிபார்க்கும் பகுதி ஒன்று இப்படி விலைக்கு விற்கும் மென்பொருளுக்குள் இருக்கும். கிராக் செய்தவர், அதாவது லைசென்ஸ் பூட்டை உடைத்தவர், அந்தப் பகுதியை மாற்றி, மாற்றிய கோப்பை அசல் கோப்பின் இடத்தில் வைக்கிறார். அசல் கோப்பில் நிறுவனத்தின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும். உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் அந்தக் கையெழுத்து செல்லாது. அதற்குப் பிறகு அந்தக் கோப்புக்குள் லைசென்ஸ் பகுதி மட்டும்தான் மாறியிருக்கிறதா, வேறு ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று உங்களுக்கும் தெரியாது, சர்வீஸ் தம்பிக்கும் தெரியாது. அவரும் அதை எங்கிருந்தோ இறக்கியவர்தான். கண்டுபிடித்துச் சொல்லவேண்டிய ஆன்டிவைரஸையும் நாமே அணைத்தாயிற்று. முகம் தெரியாத ஒருவரிடம் கல்லாப்பெட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு, வாசலில் நிற்கும் வாட்ச்மேனுக்கும் லீவு விட்டது போல.

என்ன சேர்ந்து வரும்? விண்டோஸையும் ஆபீஸையும் கள்ளத்தனமாக ஆக்டிவேட் செய்யும் கேஎம்எஸ்பிகோ என்ற கருவியை நம் பக்கத்து சர்வீஸ்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். அதன் போலி இன்ஸ்டாலருக்குள் கிரிப்ட்பாட் என்ற திருடன் ஒளிந்திருப்பதை 2021 டிசம்பரில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் அம்பலப்படுத்தினார்கள். இந்த வகையை இன்ஃபோஸ்டீலர் என்பார்கள். ரெட்லைன், விடார், லுமா எல்லாம் இதே குடும்பம். இவை கம்ப்யூட்டரைக் கெடுப்பதில்லை, வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை. குரோமில் சேமித்துவைத்த பாஸ்வேர்டு, லாகின் ஆகியிருக்கும் தளங்களின் குக்கி, டெஸ்க்டாப்பில் கிடக்கும் கோப்புகள் ஆகியவற்றை ஒரு மூட்டையாகக் கட்டி அனுப்பிவிட்டு, சில வகைகள் தம்மையே அழித்துக்கொள்ளும். குக்கி போய்விட்டால் ஓடிபி காப்பாற்றாது. ஏற்கெனவே உள்ளே நுழைந்த ஆளின் அடையாளச் சீட்டுதான் குக்கி. கடைக் கம்ப்யூட்டரில் என்னவெல்லாம் சேமித்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கடையின் ஜிமெயில், ஜிஎஸ்டி போர்ட்டல், இ-வே பில், வருமான வரி, பிஎஃப், இஎஸ்ஐ, கரன்ட் அக்கவுன்ட். பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு, கடைப் பெயரும் 123-ம்.

இன்னொரு வகை பூட்டுப் போடுவது. ஸ்டாப் அல்லது டிஜேவியூ என்று சொல்லப்படும் ரேன்சம்வேர், கிராக் கோப்புகள், போலி லைசென்ஸ் சாவி உண்டாக்கும் கீஜென் கோப்புகள் வழியாகவே பரவிப் பேர்போனது. ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கேபி அளவை மட்டும் பூட்டும். அதனால் ஆயிரக்கணக்கான கோப்புகளைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். 980 டாலர் கேட்கும், 72 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பாதி என்று ஒரு குறிப்பையும் வைத்துவிட்டுப் போகும். விண்டோஸ் தானாக எடுத்துவைக்கும் பழைய பிரதிகளையும் அழித்துவிடும். கல்யாண வீடியோ மாதிரிப் பெரிய கோப்பில் தலைப்பகுதி போனாலும் மிச்சத்தைச் சில நேரம் மீட்கலாம். டேலி டேட்டாவுக்கு அந்த வழி கிடையாது. டேலியின் பழைய பதிப்பான ஈஆர்பி 9-இல் .900 என்றும், புதிய டேலிபிரைமில் .1800 என்றும் முடியும் கோப்புகளின் தொடக்கத்தில்தான் எது எங்கே இருக்கிறது என்ற அமைப்பே இருக்கிறது. பூட்டும்போது இன்டர்நெட் இல்லாமல் "ஆஃப்லைன் சாவி" பயன்பட்டிருந்தால் எம்சிசாஃப்ட் நிறுவனம் இலவசமாகத் தரும் கருவி சில வகைகளுக்குத் திறக்கும். ஆன்லைன் சாவி என்றால் இல்லை. "மீட்டுத் தாரோம்" என்று விளம்பரம் செய்பவர்கள் பலர் திருடனிடம் பேரம் பேசிச் சாவி வாங்கித் தருபவர்களே.

டேட்டா போனால் வியாபாரத்துக்கு மட்டும் நஷ்டமில்லை. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். விதி 57 மின்னணுக் கணக்குக்குப் பேக்கப் இருக்க வேண்டும் என்கிறது. "வைரஸ் வந்து அழிஞ்சுபோச்சு சார்" என்பது அங்கே எடுபடும் பதில் இல்லை.

அடுத்த தொல்லை அப்டேட். கிராக் போட்ட டேலி தன் தாய் நிறுவனத்தோடு பேசவே கூடாது; பேசினால் குட்டு உடையும். அதனால் இணைப்பு எல்லாவற்றையும் அடைத்துவிடுவார்கள். 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறி, நெய் 12-இலிருந்து 5 சதவீதத்துக்கும், குளியல் சோப்பு 18-இலிருந்து 5 சதவீதத்துக்கும் வந்தனவே, அதைக்கூட ஐட்டம் மாஸ்டரில் கையால் மாற்றிக்கொள்ளலாம். கையால் மாற்ற முடியாதவையும் இருக்கின்றன. 2025 மே மாத ரிட்டர்னிலிருந்து ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை ரிட்டர்னின் 12-ஆம் அட்டவணையில், எச்எஸ்என் என்ற பொருள் வகைக் குறியீட்டு விவரத்தை, பதிவு பெற்ற வியாபாரிக்கு விற்றது, பொதுமக்களுக்கு விற்றது என்று இரண்டாகப் பிரித்துக் காட்ட வேண்டும். பழைய பதிப்பில் நின்றுபோன டேலி தரும் கோப்பு அப்படிப் பிரிந்து வராது. அதற்குக் கடைசி நாளான 11-ஆம் தேதி ராத்திரி ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்து எக்செல்லில் கையால் பிரிப்பவர்களைக் கேட்டால் தெரியும். 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசு போர்ட்டலில் பதிவது, கட்டாயம். கிராக்கில் அதை நேரடியாக எடுக்க வழியில்லாமல், ஒவ்வொரு பில்லையும் போர்ட்டலில் மறுபடி அடிப்பார்கள். அங்கேதான் தொகை மாறிப்போவது, ஒரே பில் இரண்டு தரம் ஏறுவது எல்லாம் நடக்கும். கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு இன்னொன்று: 2023 ஏப்ரல் 1 முதல் திருத்தங்களின் தடம் பதிவாகும் மென்பொருளில்தான் கணக்கு எழுத வேண்டும், அதை அணைக்கவும் கூடாது. கங்கைகொண்டான் சிப்காட்டில் யூனிட் வைத்திருக்கும் பிரைவேட் லிமிடெட்காரருக்கு இது பொருந்தும். ரத வீதித் தனிநபர் கடைக்கு இல்லை.

விண்டோஸிலும் அதே கதை. ஆக்டிவேஷன் போய்விடுமோ என்று அப்டேட்டை நிறுத்திவைப்பார்கள். 2017 மே மாதம் உலகையே ஆட்டிய வானாக்ரை என்ற ரேன்சம்வேருக்கு மருந்து அதே ஆண்டு மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். விண்டோஸ் 10-க்கான சாதாரண ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

சரி, உங்கள் கம்ப்யூட்டர் எப்படி? கடை சாத்தும் நேரத்தில் பத்து நிமிடம் ஒதுக்கினால் பார்த்துவிடலாம். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஆக்டிவேஷன். "உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம்" என்ற பொருளில் ஆங்கில வரி இருந்தால், அது பெரிய கம்பெனிகளுக்கான கேஎம்எஸ் முறை. இரண்டு கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பலசரக்குக் கடையில் அது வர நியாயமே இல்லை. அந்த ஆக்டிவேஷன் 180 நாளுக்குத்தான் செல்லும். அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலை ஒளிந்திருக்கும், அதாவது அந்தக் கிராக் இன்றும் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது. "டிஜிட்டல் லைசென்ஸ்" என்று காட்டினாலும் அது மட்டும் சான்றாகாது, கையில் பில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்புப் பக்கம், மேனேஜ் செட்டிங்ஸ், கீழே எக்ஸ்க்ளூஷன்ஸ். இங்கே "சி டிரைவ்" முழுவதும் விலக்கப்பட்டிருந்தால் உங்களிடம் ஆன்டிவைரஸ் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். மூன்றாவது, விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என்று இறங்கினால் ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பு. நோட்பேடில் திறங்கள். சாதாரணமாக எல்லா வரியும் # குறியோடு தொடங்கும். 127.0.0.1 அல்லது 0.0.0.0 என்று தொடங்கி டேலி, அடோபி, ஆட்டோடெஸ்க் பெயர்கள் வரிசையாக நின்றால் விஷயம் வெளிச்சம். ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் பெயர்களும் அங்கே அடைபட்டிருந்தால் அது கிராக்கோடு நிற்கவில்லை. டிஜேவியூ அந்த வேலையைச் செய்யும். கடைசியாக டேலி ஃபோல்டரில் டேலி.ஐஎன்ஐ கோப்பைத் திறந்து, டிடிஎல் என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள். யார் போட்டது என்று தெரியாத ஆட்-ஆன் அங்கே ஏறியிருக்கலாம்.

திருட்டு என்று தெரியாமலே மாட்டுகிற வகை ஒன்றும் உண்டு. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு "ஆபீஸ் வாழ்நாள் சாவி" என்று விற்பது. பெரிய நிறுவனத்துக்குக் கொடுத்த ஒரே சாவியைப் பலருக்குப் பிரித்து விற்பார்கள். எண்ணிக்கை முடிந்ததும் சாவி செத்துவிடும். இதைவிட மோசம், சாவிக்குப் பதில் ஒரு மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் தந்து, "5 டிபி ஒன்டிரைவ் இலவசம்" என்பது. அந்த ஐடியின் அட்மின் உங்களுக்கு முகம் தெரியாத ஒருவர். அவர் நினைத்தால் பாஸ்வேர்டை மாற்றி, நீங்கள் ஏற்றிய ஆதார், பான், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் திறந்து பார்க்கலாம். லேப்டாப்போடு வரும் "ஹோம் அண்ட் ஸ்டூடன்ட்" ஆபீஸ் அசல்தான். ஆனால் வியாபாரத்துக்குப் பயன்படுத்த அதன் லைசென்ஸ் இடம்தராது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 1957, பிரிவு 63பி: திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்கோ வியாபாரத்துக்கோ பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். கடைக்கு அந்தச் சலுகை இல்லை. போட்டுக்கொடுத்து விற்பவருக்குப் பிரிவு 63: 6 மாதம் முதல் 3 ஆண்டு. அது ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, சர்வீஸ் தம்பிகளும் இதைப் படித்தால் நல்லது. நடைமுறையில் முதலில் வருவது மெயிலோ வக்கீல் நோட்டீஸோதான். வந்ததும் பதறி ஹார்டு டிஸ்க்கை ஃபார்மேட் செய்யாதீர்கள். சாட்சியத்தை அழித்ததாக ஆகிவிடும். பதில் எழுதுவதற்கு முன் வக்கீலைப் பாருங்கள். நோட்டீஸுக்குப் பிறகு லைசென்ஸ் வாங்கினால் முன்னால் செய்தது மறைந்துவிடாது, ஆனாலும் பேச்சுவார்த்தைக்கு உதவும். போலி நோட்டீஸும் உலவுகிறது: தனிநபர் யுபிஐக்குப் பணம் கேட்டால் அது போலிதான்.

கட்டட வரைபடம் போடும் பாளையங்கோட்டை இன்ஜினியர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்டோகேடுக்கென்றே வைரஸ் உண்டு, வரைபட ஃபோல்டரோடு ஒட்டிக்கொண்டு பென்டிரைவில் ஊர் சுற்றும். 2012-இல் மெட்ரே என்ற ஒன்று, திறந்த வரைபடங்களை எல்லாம் சீனாவில் இருந்த மெயில் முகவரிகளுக்கு அனுப்பியது. திருட்டுக் கோரல் டிராவில் ஃபிளக்ஸ் அடிப்பவர்களுக்குத் தெரிந்த தொல்லை வேறு: திடீரென்று சேவ், பிரிண்ட், எக்ஸ்போர்ட் மூன்றும் செத்துப்போகும், பெரும்பாலும் முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி. இலவச வரைகலை மென்பொருளான இன்க்ஸ்கேப்புக்கு மாறலாம். யூனிகோட் தமிழ் அதில் நன்றாக வரும். நான்கு நிற அச்சுக்கான வசதி குறைவு, அதற்கு ஸ்கிரைபஸ் என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருள் வழியாகப் பிடிஎஃப் எடுக்க வேண்டும். யூனிகோட் அல்லாத பாமினி எழுத்தில் அடித்த பழைய டிசைன்களை எழுத்தாக வைக்காமல் கர்வாக, அதாவது கோட்டு வடிவமாக, மாற்றிக்கொண்டுதான் கொண்டுபோக வேண்டும்.

இனி வெளியே வருவது. இங்கே வரிசை முக்கியம், பலரும் தலைகீழாகச் செய்து டேட்டாவை இழக்கிறார்கள். மாதத்தின் 21-ஆம் தேதிக்குப் பிறகு தொடங்குங்கள், ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்ன் போட்டு முடிந்த மூச்சில். மார்ச் கடைசி வேண்டவே வேண்டாம். எதையும் அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். முதலில் டேலியில் ஒவ்வொரு கம்பெனிக்கும் டிரயல் பேலன்ஸ், பாக்கி லிஸ்ட், ஸ்டாக் சம்மரி மூன்றையும் பிடிஎஃப் ஆக எடுங்கள். கடைசி பில் நம்பரைக் குறியுங்கள். டேலி டேட்டாவைப் பூட்டும் டேலிவால்ட் பாஸ்வேர்டை ஞாபகத்தில் மட்டும் வைத்திருந்தால் தாளில் எழுதுங்கள், அது தொலைந்தால் யாராலும் திறக்க முடியாது. பிறகு டேலியை மூடிவிட்டு, டேட்டா ஃபோல்டர் முழுவதையும், அதாவது எண்ணாலேயே பெயர் வைத்த ஃபோல்டர்களை, புது எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இரண்டு பிரதி எடுங்கள். டேட்டாவும் டாக்குமென்டும் மட்டும். செட்டப் என்று பெயர் வைத்த ஒன்றும் அந்த டிஸ்க்குக்குள் போகக்கூடாது.

விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் பென்டிரைவை, 8 ஜிபி போதும், வேறு ஒரு சுத்தமான கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே செய்யுங்கள். பல லேப்டாப்புகள் அசல் விண்டோஸ் ஹோமோடு வந்தவை. சர்வீஸில் அதை அழித்துவிட்டுத் திருட்டு புரோவைப் போட்டிருப்பார்கள். அசல் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்து மறுபடி ஹோம் போட்டால், நெட் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும், ஒரு பைசா செலவில்லை. அப்டேட் எல்லாம் முடிந்த பிறகு டேலியை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். லைசென்ஸ் வாங்கும் முன்பே எஜுகேஷனல் மோடில் திறக்கலாம், அது சட்டப்படியே இலவசம். 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் அதில் பதிவு போட முடியும். பழைய டேட்டாவைப் பார்க்கத் தடையில்லை. அங்கே வரும் டிரயல் பேலன்ஸைப் பிடிஎஃப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய பதிப்பின் டேட்டாவைப் புதியது மாற்றிக்கொள்ளும். ஒருமுறை மாற்றினால் பழையதில் திறக்காது, அதனால் இரண்டாவது பிரதியைத் தொடாதீர்கள்.

பாஸ்வேர்டுகளை மாற்றுவது இதற்கெல்லாம் பிறகுதான். அழுக்குக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாற்றினால் புது பாஸ்வேர்டும் திருடனுக்கே போகும். முதலில் ஜிமெயில், அதில் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறச் சொல்லும் வசதியைப் பயன்படுத்துங்கள். அப்புறம் பேங்க், ஜிஎஸ்டி, இ-வே பில், வருமான வரி. டிஜிட்டல் கையெழுத்துக்கான டிஎஸ்சி டோக்கனைக் கையெழுத்துப் போடும்போது மட்டும் செருகுங்கள். டோக்கனிலிருந்து சாவியைத் திருட முடியாது என்பது சரி, ஆனால் செருகியபடி கிடக்கும்போது உள்ளே இருப்பவன் அதைக் கொண்டே கையெழுத்துப் போடலாம். பேங்கில் பணம் நகர்ந்திருந்தால் அடுத்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

செலவு? டேலிபிரைம் சில்வர், ஒரு கம்ப்யூட்டருக்கு, 22,500 ரூபாயும் ஜிஎஸ்டியும், மொத்தம் 26,550. விலை மாறும், வாங்கும் அன்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டியின் காம்போசிஷன் திட்டத்தில் இல்லாதவர் அந்த ஜிஎஸ்டி 4,050-ஐ இன்புட்டாக, அதாவது தாம் கட்டும் வரியில் கழிவாக, எடுத்துக்கொள்ளலாம். மீதிக்கு வருமான வரியில் 40 சதவீதத் தேய்மானம் உண்டு. இதுவும் கட்டுப்படாது என்றால், 1.5 கோடிக்குக் கீழ் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு ஜிஎஸ்டி போர்ட்டலை நடத்தும் ஜிஎஸ்டிஎன் வழியாகவே இலவச பில்லிங் மென்பொருள் கிடைக்கிறது. இ-இன்வாய்ஸுக்கு மத்திய அரசின் என்ஐசி தரும் இலவசக் கருவி இருக்கிறது. தென்காசி மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் சோஹோவின் கணக்கு மென்பொருளையும் பார்க்கலாம். ஆபீஸ் வேலைக்கு லிப்ரே ஆபீஸ் போதும், எக்செல் மேக்ரோவை நம்பி ஓடும் கடை தவிர.

பேக்கப் டிஸ்க்கை கம்ப்யூட்டரோடு செருகியே வைத்தால் ரேன்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும். எடுத்ததும் கழற்றுங்கள். ஒன்று கடையில், ஒன்று வேறிடத்தில். வேறிடம் என்றால் ஜங்ஷன் கடைக்கு வண்ணார்பேட்டை வீடு ஆகாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி இரண்டு கரையையும் சேர்த்துத்தான் நனைத்தது.

வாங்கும் லைசென்ஸைக் கடையின் சொந்த மெயிலிலும் முதலாளியின் செல் நம்பரிலும் பதியச் சொல்லுங்கள். டீலர் மெயிலிலோ கணக்கெழுதுகிற பிள்ளையின் மெயிலிலோ பதிந்துவிட்டால், அவர் வேலையை விட்டுப் போன மறுவாரம் மதர்போர்டு போகும். உங்கள் ஜிஎஸ்டி எண்ணோடு போட்ட பில், சீரியல் நம்பர், பதிந்த மெயில் மூன்றையும் ஒரே ஃபைலில் வைத்து, ஒரு நகலை ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டர் மாற்றும்போது பழையதில் லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டுத்தான் புதியதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும். பழையது திறக்கவே இல்லை என்றால் அந்த மெயிலில் நுழைந்துதான் விடுவிக்க முடியும்.